யாரும் பிறக்காத நாடு

100 பேர் வாழும் நாட்டில் ஓர் ஆண்டில் 46 பேர் பட்டினியால் செத்தால் அரசனின் பதவி பறிபோகும். 45 பேர் செத்தால் போகாது. எலி தின்றது இவ்வளவு, விதைக்க எத்தனை ஏக்கர் என்று அடுத்த ஆண்டின் கணக்கு தொடங்கிவிடும். 'ஹமுராபி' என்ற பழைய கணினி விளையாட்டின் விதி இது. அதில் படம் கிடையாது, இசை கிடையாது, வெறும் எழுத்துதான். ஆட்டக்காரர் பழங்காலச் சுமேரிய நாட்டை ஆள வேண்டும். கையில் 1000 ஏக்கர் நிலம், கிடங்கில் 2800 புஷல் தானியம், ஆட்சிக்காலம் 10 ஆண்டுகள். ஆண்டுதோறும் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் சில: எவ்வளவு நிலம் வாங்குகிறீர்கள் அல்லது விற்கிறீர்கள்? மக்களுக்கு உணவாக எவ்வளவு தானியம் தருகிறீர்கள்? எத்தனை ஏக்கர் விதைக்கிறீர்கள்? ஆளுக்கு ஆண்டுக்கு 20 புஷல் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். குறைந்தால் குறைந்த அளவுக்குச் சாவார்கள்.

இன்று கைபேசியில் நம் பிள்ளைகள் ஆடும் உழவு விளையாட்டுகள், பஞ்சத்தில் ஒரு குடியைத் தப்ப வைக்கும் விளையாட்டுகள், பழைய பாணி என்று பெருமையோடு விற்கப்படும் பண்டைய நாகரிக விளையாட்டுகள் ஆகியவற்றில் பலவற்றுக்கு இது கொள்ளுத்தாத்தா. கொள்ளுத்தாத்தா என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் இதற்கு ஒரு கொள்ளுப்பாட்டி இருந்தார்.

அவர் பெயர் மேபல் ஆடிஸ். நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்னும் ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியை. 1964இல், ஐ.பி.எம். நிறுவனமும் வெஸ்ட்செஸ்டர் வட்டாரக் கல்வி அமைப்பும் சேர்ந்து நடத்திய ஒரு முயற்சிக்காக, அறையை அடைத்துக்கொள்ளும் கணினியில் ஓடக்கூடிய 'சுமேரிய விளையாட்டை' அவர் எழுதினார். வில்லியம் மெக்கே அதற்கு நிரல் அமைத்தார். லகாஷ் நகரத்துக்கு லுடுகா என்றொரு அரசனை ஆடிஸ் படைத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அரசனாக உட்கார்ந்து தானியத்தைப் பங்கிட்டார்கள். சில ஆண்டுகளில் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் என்ற நிரலாளர் 1968இல் அதைச் சுருக்கி வேறொரு கணினி மொழியில் எழுதினார். அதை டேவிட் ஆல் 'பேசிக்' மொழிக்கு மாற்றி 1973இல் தன் புத்தகத்தில் சேர்த்தார். அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்பு லட்சக்கணக்கில் விற்றது. அதில் ஆடிஸின் பெயர் இல்லை. லகாஷுக்கும் லுடுகாவுக்கும் பதிலாக, பல நூற்றாண்டுகள் பின்னால் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் பெயர் ஏறியது. கோப்புப் பெயரில் எட்டு எழுத்துக்குமேல் இடமில்லாததால் அவனுக்கும் ஓர் எழுத்து குறைந்தது. அரசனுக்குப் போனது ஓர் எழுத்து. ஆசிரியைக்கு முழுப் பெயரும் போனது. 2004இல் அவர் இறந்தார். விளையாட்டு உருவாக்குநர் மாநாடு 2023இல்தான் அவருக்கு முன்னோடி விருது கொடுத்தது.

ஒரு பெண் எழுதியதை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். நமக்குப் பழகிப்போன கதைதான். ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. ஆடிஸும் பிள்ளைகளை உட்கார வைத்தது அரசனின் நாற்காலியில்தான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

முதலில் பிறப்பு. ஹமுராபியில் ஆண்டுதோறும் அரசனுக்கு ஓர் அறிக்கை வரும்: இத்தனை பேர் பட்டினியில் செத்தார்கள், இத்தனை பேர் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். பத்து ஆண்டுகளில் அந்த நாட்டில் ஒரு குழந்தைகூடப் பிறந்ததாக அறிக்கை சொல்லாது. நிரலைத் திறந்து படித்தால்தான் வேடிக்கை தெரியும். மக்கள்தொகையைக் கூட்டும் கணக்குக்கு மேலே, நிரலாளர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பு வரியில், குழந்தைகள் பெறலாம் என்று விளையாட்டாக ஒரு வாசகம் இருக்கிறது. ஆக, எழுதியவர்களுக்குத் தெரியும். அரசனுக்கு முன்னால் போகும் தாளில் மட்டும் பேறுகாலம் 'வருகை'யாகிவிடுகிறது. பனிக்குடம் உடையாமல், தாய்ப்பால் கட்டாமல், வாசல் வழியாக நடந்து வருகிறார்கள் மக்கள். வந்த அன்றே ஆளுக்குப் பத்து ஏக்கர் உழத் தயார்.

அடுத்தது சோறு. கிடங்கிலிருந்து 20 புஷலைக் கழித்தால் ஒருவர் பிழைத்துக்கொள்கிறார். தானியம் நேராக வாய்க்குப் போகிறது. இதை எழுதியவர்கள் யாரும் குதிரைவாலியைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில், குண்டாற்றில் தண்ணீரைவிட மணல் அதிகமாகத் தெரியும் இந்த மானாவாரிக் காட்டில், குதிரைவாலி விளைந்து வீட்டுக்கு வந்தாலும் அது சோறு ஆகிவிடாது. உமி விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும், சுளகில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். ஒரு வேளைக் கஞ்சிக்கு இரண்டு பெண்களின் தோள்பட்டை வேண்டும். அரவை எந்திரம் வந்தபின் வரகும் குதிரைவாலியும் 'சிறுதானியம்' என்ற பெயரில் பட்டணத்துக் கடைகளில் உடல்நலப் பண்டமாக ஏறிவிட்டன. அந்தப் பாக்கெட்டின்மேலும் ஏர் பிடித்த ஆணின் படம்தான் இருக்கிறது. உலக்கை பிடித்தவளின் படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

விதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளையாட்டில் விதைத் தானியமும் தின்னும் தானியமும் ஒரே குவியல். ஏக்கருக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டால் முடிந்தது. மானாவாரிக் காட்டில் விதை என்பது குவியலிலிருந்து அள்ளுவது இல்லை. கம்பங்கதிர் நிற்கும்போதே எது விதைக்கு என்று பார்த்து வைப்பாள் ஒருத்தி. அதைத் தனியே அறுத்து, காயவைத்து, உதிர்த்து, சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு, பானைக்குள் வைத்து வாயை மண் பூசி அடைப்பாள். மாசியில் அடைத்த பானையை அடுத்த விதைப்பு மழை வரும் புரட்டாசி வரை காக்க வேண்டும். நடுவில் ஆடியும் ஆவணியும் இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது அந்தப் பானையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவள் யார்? அந்த முடிவை எடுப்பதற்காகத் தன் பங்குக் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொள்பவள் யார்? ஹமுராபியில் பஞ்சத்தைத் தாங்குவதற்கான ஒரே அறிவு அரசனின் கணக்கறிவு. எங்கள் ஊரில் அந்த அறிவு மண் பூசிய பானையில் இருந்தது. எலியைக்கூட விளையாட்டு குருட்டு எண்ணாக்கிவிட்டது: அதிர்ஷ்டம் இருந்தால் தின்னாது, இல்லாவிட்டால் தின்னும். குலுக்கையின் வாயை ஒவ்வொரு வாரமும் தடவிப் பார்த்து, விரிசலில் சாணியும் மண்ணும் அப்பிய விரல்கள் எந்த எண்ணுக்குள் இருக்கின்றன?

பழையதைப் போற்றிப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மக்காச்சோளம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் விதை கடைப் பாக்கெட்டில் வருகிறது. எந்த ரகம், என்ன விலை, கடனா ரொக்கமா என்பதெல்லாம் ஆண்கள் கடைத்திண்ணையில் பேசி முடிப்பவை. பெண்ணிடம் இருந்த அந்த ஓர் அதிகாரமும் ஓசையில்லாமல் கைமாறிவிட்டது. களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும், மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காய வைப்பதும் மட்டும் அவளிடமே இருக்கின்றன.

எங்கள் கல்லூரியில் கணினித் துறை மாணவிகள் சிலர் இந்த விளையாட்டைத் தமிழில் செய்து பார்த்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, புஷலுக்குப் பதிலாக மரக்கால், சுமேரியாவுக்குப் பதிலாகப் பாண்டிய நாடு. அரசனை எப்படி விளிப்பது என்று கேட்டுத்தான் தமிழ்த் துறைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், நன்றாகவே செய்திருந்தார்கள். 'ஹமுராபியே' என்பதை 'வழுதியே' என்று மாற்றிவிட்டால் நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. கீழடிக்குப் பிறகு அது நம் பொதுப் புத்தியாகவே ஆகியிருக்கிறது. இதே விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. நாம் உடனே தேடுவது அரசனையும் வணிகனையும்தான். அந்த வளையலை அறுத்த கை, அந்தக் காயை உருட்டிய கை என்பதெல்லாம் கண்காட்சியின் கடைசி அட்டையில்கூட வருவதில்லை.

நான் இதையெல்லாம் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப ராணி மங்கம்மாளை உட்கார வச்சிருவோமா மேடம்?" என்றாள். மங்கம்மாள் சாலை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் அவளுக்கு அது சட்டென்று தோன்றியிருக்கும். பெண்ணியம் என்றாலே நாற்காலியில் ஆளை மாற்றுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த யோசனை பிடிக்கும்.

லகாஷிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் லகாஷ் அரசில் 'பெண்ணின் வீடு' என்ற பொருளில் அழைக்கப்பட்ட ஒரு பெரிய நிர்வாகம் இருந்தது. பரனம்தரா, சாசா போன்ற அரசிகளின் பொறுப்பில் இருந்த அந்த வீட்டின் தானியக் கணக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. நெசவு செய்த பெண்கள், மாவரைத்த பெண்கள், அவர்களின் பிள்ளைகள் என்று யாருக்கு எவ்வளவு பார்லி அளந்தார்கள் என்பது அவற்றில் பதிவாகியிருக்கிறது. சுமேரியாவின் உண்மையான கணக்கேடு பெண்கள் நிறைந்தது. ஹமுராபி ஆட்டம்தான் அவர்களை விட்டுவிட்டது. ஆனால் அரசி உட்கார்ந்ததால் அந்நாட்டில் அளவை நேராகிவிடவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து, ஊர் என்றே பெயர்கொண்ட நகரத்து அரசர்கள் காலத்தில், வேலையாளுக்கு மாதம் அளந்த வழக்கமான படி ஆணுக்கு 60 சிலா, பெண்ணுக்கு 30 சிலா. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாதி.

இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டு உலகத்தைவிட நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதில் எல்லோருக்கும் 20.

1877இல் நம் மண்ணிலேயே ஒருவர் இந்த ஆட்டத்தை ஆடினார். தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களின் கூலியை வெட்டினார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. பெண்ணுக்கு அதிலும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது மனிதர் உயிர் வாழும் அளவே இல்லை என்று சண்டை போட வேண்டியிருந்தது. அரசு இப்படி அளந்துகொண்டிருந்த அதே பஞ்சத்தில், மதுரையில் தேவரடியார் மரபில் வந்த குஞ்சரத்தம்மாள் தன் சொத்தை விற்றுக் கஞ்சித்தொட்டி நடத்தினார் என்று மதுரைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். டெம்பிளுக்குச் சிலை வைத்தார்கள். குஞ்சரத்தம்மாளுக்கு இருப்பது வாய்ச்சொல் மட்டும்.

இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் காடுகளில் 'ஆம்பளக் கூலி', 'பொம்பளக் கூலி' என்று இரண்டு கூலி உண்டு. யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. நூறு நாள் வேலை வந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றதும்தான், பெண்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்ற ஒப்பாரி பெருத்தது. பாதிக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

'விளையாட்டுதானே, இதற்கு இவ்வளவா' என்று கேட்பவர்களை ஒரு வட்டார அலுவலகத்துக்கு அழைத்துப்போக ஆசை. எது என்று சொல்ல மாட்டேன், எதுவானாலும் ஒன்றுதான். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து என் மாணவியின் தாய் பயிர்ச் சேதத்துக்காக அங்கே போயிருந்தார். கணவர் திருப்பூரில் வேலை. உழவு ஓட்ட ஆள் பிடித்தது, விதைத்தது, படைப்புழுவுக்கு மருந்து அடித்தது, காட்டுப்பன்றிக்கு ராக்காவல் இருந்தது எல்லாம் அவர். அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கொண்டுபோயிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "விவசாயி வரலையாம்மா?"

அவர் அகங்காரத்தால் கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன்னால் இருந்த படிவம் அப்படிக் கேட்கிறது. பட்டா மாமனார் பெயரில். ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் 2019இல் வந்தபோதும், நிலம் யார் பெயரில் என்பதுதான் கேள்வி. நிலத்தில் யார் என்பது கேள்வியில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலத்தை நிர்வகிப்பவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. களையெடுப்பில் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் அந்தக் கணக்கெடுப்புக்கு வாய் வராது. நிலம் பெயரில் இல்லாவிட்டாலும் பயிரிடும் பெண்ணை விவசாயி என்று சான்றளிக்க வேண்டும் என எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 'பெண் விவசாயிகள் உரிமை மசோதா, 2011' என்று பெயர். சட்டமாகாமலே காலாவதியானது. 2026ஐப் பெண் உழவர்களுக்கான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. சுவரொட்டி நன்றாக இருக்கும்.

ஆக, மாணவிகள் திரையில் செய்த நாற்காலிதான் அந்த அலுவலகத்திலும் இருக்கிறது. அதன் முன்னால் ஏக்கர் இருக்கிறது, சேத விழுக்காடு இருக்கிறது, தொகை இருக்கிறது. உழைத்தவள் 'வந்து சேர்ந்தவள்'.

பெண்களிடம் விதைக்கும் விளையாட்டு இல்லாமல் இல்லை. பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்தபோது அதைப் பெண்பாற் பகுதியில் வைத்தார். இரண்டு வரிசை, பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, புளியங்கொட்டையோ சோழியோ காய். ஒரு குழியை அள்ளினால் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். என் குழிகளுக்கு மட்டும் போட்டு நிறுத்த முடியாது, எதிரில் இருப்பவளின் குழியிலும் விழத்தான் செய்யும். நான்கு சேர்ந்தால் 'பசு'. காய் தீர்ந்துகொண்டே வருகிறவளைப் பதவி நீக்கம் செய்யும் விதி அதில் இல்லை. மிஞ்சிய சில காய்களைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு அவள் தொடர்ந்து ஆடலாம். அதற்கு 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர் வைத்தவள் நிச்சயமாக அடுப்படியிலிருந்து வந்தவள். பஞ்சத்தைப் பற்றி ஹமுராபியின் மொத்த நிரலுக்கும் தெரியாத ஒன்று அந்தப் பெயரில் இருக்கிறது.

ஆனால் பல்லாங்குழியைத் தூக்கி நெற்றியில் ஒட்டிக்கொள்ளவும் நான் தயாரில்லை. வயதுக்கு வந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்து அவள் கையில் கொடுத்த பொருள் அது. துணையில்லாமல் தனியே ஆடும் வகைக்குச் சீதைப் பாண்டி என்று பெயர், அசோகவனத்தில் சிறையிருந்தவளின் நினைவாக. சீர்வரிசையில் பல்லாங்குழிப் பலகையும் வைத்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு. பதினான்கு குழி கொடுத்தார்கள், அரைக் குறுக்கம் நிலம் கொடுக்கவில்லை. புளியங்கொட்டையை விதைத்துப் பழகிய பெண்களுக்குக் காட்டில் ஒரு வரப்பும் சொந்தமாக இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தியது, அன்றைக்கு ஏற்கெனவே மணமாகியிருந்த பெண்களை விட்டுவிட்டு. 2005இல் மத்திய அரசு அதையும் சரி செய்தது. அதற்கு எங்கள் ஊர்கள் கண்ட மாற்று, விடுதலைப் பத்திரம். பெயரைப் பாருங்கள்: நிலத்திலிருந்து பெண்ணை விடுவிப்பது விடுதலை. என் அம்மாவும் இரண்டு சித்திகளும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். மாமா ஆளுக்கொரு சேலை எடுத்துக்கொடுத்தார். கையெழுத்துப் போடாவிட்டால் கூடப்பிறந்தவன் வாசல் அடைபடும் என்ற பயம் மூவருக்கும் இருந்தது. சேலை நல்ல சேலைதான், அருப்புக்கோட்டைத் தறியில் நெய்தது.

ஆகவே மாணவிகளிடம் அரசனை எடுத்துவிட்டு அரசியை வைக்கச் சொல்லவில்லை. விளிச்சொல்லும் எழுதித் தரவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டு நிலத்தின் புல எண்ணையும் பட்டாவில் உள்ள பெயரையும், போன பருவத்தில் அந்த நிலத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். இரண்டாவது பட்டியலோடு எல்லோரும் வந்தார்கள். பலரின் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியது. முதலாவதோடு வந்தவர்கள் குறைவு. பட்டா அப்பாவின் பீரோவில், பீரோச் சாவி அப்பாவிடம்.

கொண்டுவந்தவர்களில் ஒருத்தியின் தாளில், இறந்து பல ஆண்டுகளான அவள் தாத்தாவின் பெயரே இன்னும் பட்டாவில் இருந்தது. அந்தப் புஞ்சையில் இப்போதும் உளுந்து போடுவது அவளுடைய அப்பத்தா. "செத்தவர் பேர்ல நிலம் இருக்கலாமாம், உயிரோட இருக்கிற அப்பத்தா பேர்ல மாத்தணும்னா மட்டும் எதுக்குன்னு கேக்குறாங்க மேடம்" என்றாள். பட்டா மாறுதல் மனுவை அவளே எழுதியிருக்கிறாள். வாரிசுகள் வரிசையில் அப்பத்தாவின் பெயரை முதலில் போட்டிருக்கிறாள், கடைசியில் இரண்டு அத்தைகளின் பெயரையும் சேர்த்து. சித்தப்பாக்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.